இரண்டு கைத் தவிடு

மார்கழி பிறந்து நாலு நாளாகியும் போடியில் சாரல் விடவில்லை. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியாமல் மேகம் இறங்கிக் கிடந்தது. இந்த மாதிரி நாளில் ஏலக்காய் சேர்த்துவைக்கிற கிட்டங்கிக்குள் உட்கார்ந்திருப்பது சிறைவாசம்தான். காய் ஈரம் இழுத்துவிடும் என்று சன்னலையெல்லாம் சாத்திவிடுவார்கள். நாற்பது பெண்கள், புடைக்க ஆளுக்கொரு சுளகு, நடுவில் காய்க் குவியல், தலைக்கு மேலே இரண்டு டியூப்லைட். வெளியூர்க்காரர்கள் தெருவில் போகும்போதே என்ன வாசம், என்ன வாசம் என்று மூக்கை விரித்துக்கொண்டு போவார்கள். உள்ளே வந்து எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். சோற்றைப் பிசைந்தால் சோறு கார்க்கும், பிள்ளையைத் தூக்கினால் பிள்ளை முகத்தைத் திருப்பும்.

ராமுத்தாய் இந்தக் கிட்டங்கியில் பதினேழு வருசமாகக் காய் பொறுக்குகிறாள். பருங்காய் ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம், வெடித்தது, வெளுத்தது, கருகியது தனித்தனி. பக்கத்துச் சுளகு மொக்கம்மாள் ஊர்க்கதை முழுக்க அளந்துகொண்டே இருப்பாள். ராமுத்தாய் 'ம்' கொட்டுவதோடு சரி. நாற்பத்திரண்டு வயசு, பிள்ளைகுட்டி இல்லை, வீட்டில் நெஞ்சுச் சளியோடு படுத்துக் கிடக்கும் புருசன் ஒச்சப்பன். அவளைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்று மத்தியானக் கஞ்சிக்கு எழுந்திருக்கிற நேரம். வாசல் காவல் காசிமாயன் உள்ளே எட்டிப் பார்த்து, மலையிலிருந்து கம்பவுண்டர் வந்திருக்கிறார், ராமுத்தாயைக் கேட்கிறார் என்றான். வெளியே போகிற பெண்கள் வாசலில் நின்று முந்தானையையும் மடியையும் உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும், காய் ஒளித்துவைக்கவில்லை என்பதற்கு. ராமுத்தாய் உதறிக் காட்டிவிட்டுத் தெருவுக்கு வந்தாள்.

கம்பவுண்டர் வர்க்கி குடையை மடக்காமலே நின்றிருந்தார். போடிமெட்டுக்கு மேலே, அவளும் ஒச்சப்பனும் வேலை பார்த்த ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவர். கேரளத்தில் பாலாக்காரர். முப்பது வருசம் தமிழ் ஆட்களோடு பழகியும் பேச்சில் மலையாளம் போகவில்லை. இப்போது ஓய்வுபெற்றுப் பூப்பாறையில் இருக்கிறார்.

"ராமுத்தாயி, தவுட்டம்மா வந்திருக்கு. கொச்சியில உண்டு" என்றார்.

ராமுத்தாய் ஏற்கெனவே உதறிய மடியை இன்னொரு தடவை உதறினாள்.

வர்க்கி விவரம் சொன்னார். கொச்சியிலிருந்து அவருக்குக் கடுதாசி வந்ததாம், பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாராம். துறைமுகத்தில் எட்டுப் பாய்மரப் படகுகள் நிற்கின்றனவாம். இஞ்சின் கிடையாது, காற்று அடிக்கிற பக்கம் பாயைத் திருப்பித் திருப்பி உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். அது ஒரு போட்டி. ஏழு படகில் ஆண்கள். எட்டாவது படகில் பொம்பளைகள் மட்டும், ஒன்பது தேசத்துப் பொம்பளைகள். அதில் ஒருத்தி நம் தவுட்டம்மா, இப்போது டோரா என்று பேர்.

"உலகத்தச் சுத்தி வந்தா என்ன குடுப்பாக?" என்று கேட்டாள் ராமுத்தாய்.

"ஒரு கோப்பை."

இதற்கா என்று அவள் கேட்கவில்லை, ஆனால் அவள் முகம் கேட்டது. வர்க்கி மழையைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னார். பன்னிரண்டு பேராகக் கிளம்பினார்கள், வந்து சேர்ந்தது பதினோரு பேர். ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே ஒரு ராத்திரி, பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தியை அலை வாரிக்கொண்டு போய்விட்டது.

"நம்ம பிள்... அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமில்லல்ல?" என்றாள் ராமுத்தாய். பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டதை வர்க்கி கவனித்தார்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை ஜீப்புல கூட்டிட்டு வரணும்னு சொல்லுது. அம்ம ஜீவனோட உண்டோன்னு ஒரே கேள்வி. நான் என்னா சொல்லட்டும்?"

ராமுத்தாய் கிட்டங்கிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "செத்துப்போச்சுன்னு சொல்லிருங்க" என்றாள்.

"பின்னே ஆருகிட்ட கூட்டிட்டு வர?"

"அக்கா இருக்கான்னு சொல்லுங்க. என்னைய அக்கான்னுதான கூப்புட்டுக்கிட்டுத் திரிஞ்சா."

வர்க்கிக்கு இதன் அர்த்தம் தெரியும். இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் அந்தக் காரியம் நடந்தபோது அவரும் பக்கத்தில்தான் நின்றார்.

ராமுத்தாய்க்கு முதலில் பிறந்த இரண்டும் ஆண். ஒன்று ஏழாம் நாள் போனது, மற்றது எட்டாம் மாசம். மூன்றாவது வயிற்றில் இருக்கும்போதே மருத்துவச்சி மருதாயி சொல்லிவிட்டாள், இதைத் தவிட்டுக்கு வித்துரு தாயி என்று. பிறந்த பிள்ளையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் ஒரு கை தவிட்டைப் பெற்றவள் மடியில் போட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அப்புறம் வளர்க்கிறதுக்கென்று திருப்பித் தருவாள். வளர்ப்பது பெற்றவள்தான், ஆனால் பிள்ளை அவளுடையது இல்லை. எம்பிள்ளை என்று வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது, பிள்ளையும் அம்மா என்று கூப்பிடக் கூடாது. எமன் இந்த வீட்டுக் கணக்கைத் தேடி வரும்போது, இது வேறு வீட்டுப் பிள்ளை என்று ஏமாந்து போவான். அந்தப் பக்கத்தில் ஊருக்கு நாலு தவிடன், தவிட்டம்மா இப்படிப் பிழைத்தவர்கள்தான்.

வழக்கமாக ஒரு பக்கத்து வீட்டுக்காரியிடமோ துணி வெளுக்கிறவளிடமோ விற்பார்கள். ராமுத்தாய்க்கு அது போதவில்லை. இரண்டைப் பறிகொடுத்தவள். எமனே பயப்படுகிற ஆளாகப் பார்த்து விற்க நினைத்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார நர்சம்மா ஹில்டா, விசக்காய்ச்சலில் செத்துப்போனான் என்று பாயில் சுருட்டின ஆளையெல்லாம் ஊசி போட்டு எழுப்பியவள். பிறந்து மூன்றாம் நாள் ராமுத்தாய் பெண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். வர்க்கி வழக்கத்தை எடுத்துச் சொன்னார். ஹில்டா சிரித்துக்கொண்டே ஒரு கை தவிட்டை அள்ளி அவள் மடியில் போட்டாள். பிள்ளைக்கு வலது மூக்கில் துளை குத்தி, தவுட்டம்மா என்று பேர் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளை ஒரு காய்ச்சல், ஒரு இருமல் இல்லாமல் வளர்ந்தது.

எழுபத்தொன்றாம் வருசம் ஹில்டா தன் ஊருக்குத் திரும்பினாள். அவளுக்கும் யாருமில்லை. ஐந்து வருசமாக ஆஸ்பத்திரியிலேயே விளையாடி வளர்ந்த பிள்ளை மேல் உயிர். படிக்க வைக்கிறேன், கூட்டிப் போகட்டுமா என்று கேட்டாள். மோசமான மனுசி இல்லை, வற்புறுத்தவில்லை. இவள் என் பிள்ளை, தர மாட்டேன் என்று ராமுத்தாய் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். வர்க்கி அதை இரண்டு தடவை தமிழில் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் ராமுத்தாயால் சொல்ல முடியவில்லை. சொன்னால் பிள்ளை செத்துப்போகும். சொல்லாவிட்டால் போய்விடும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒச்சப்பன் அவள் சொல்லட்டும் என்று பார்த்தான், அவள் அவன் சொல்லட்டும் என்று பார்த்தாள். பிள்ளை ஜீப்பின் பின்சீட்டில் முட்டிபோட்டு நின்று அக்கா, அக்கா என்று கத்திக்கொண்டே போனது. மறுவாரமே ராமுத்தாய் மலையை விட்டு இறங்கிப் போடிக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் அவளுக்கு வயிறு திறக்கவில்லை.

ஒச்சப்பன் மலையிலேயே காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பார்த்தான். ராவும் பகலும் விறகடுப்பு எரியும். அந்தப் புகை பதினைந்து வருசத்தில் அவன் நெஞ்சைத் தின்றுவிட்டது. இப்போது கொட்டக்குடி ஆற்றோரச் சந்தில் ஓட்டு வீட்டுக்குள் சாக்கை விரித்துப் படுத்திருக்கிறான். சேதியைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டான், எழுந்து உட்கார்ந்து இரண்டு மாசமாகியிருந்தது.

"அப்பான்னு ஒரு வார்த்த கேட்டுட்டேன்னா இந்த நெஞ்சுக்கூடு அடங்கிரும்டி" என்றான்.

"அவ ஒங்க மக இல்ல, கொழுந்தியா. அக்கா புருசன்னு இருக்கணும். இல்லையின்னா வர வேணாம்னு சொல்லிவிட்டுருவேன்."

"பதினேழு வருசமாச்சு. இன்னுமா எமன் நோட்டுப் புஸ்தகத்த வச்சிக்கிட்டு ஒன் வாயவே பாத்துக்கிட்டு இருக்கான்?"

"அந்தக் கப்பல்ல ஒருத்தி செத்துருக்கா. அவன் கப்பல் ஏறிட்டான்யா. ஆளு அடையாளந் தெரியாமத் தேடிக்கிட்டு இருக்கான். நாம காட்டிக் குடுக்கணுமா?"

ஒச்சப்பன் வெகுநேரம் இருமினான். இருமி முடித்து, சரி, வாயைத் திறக்க மாட்டேன் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மலையடிவாரத்து முந்தல் பக்கமிருந்து ஜீப்பு வந்து சந்து முனையில் நின்றது. இறங்கியது வர்க்கியோடு இரண்டு பேர். முன்னால் வந்தவள் ஆறடி உயரம், நரைத்த கிராப்பு, கால்சட்டை. முகமெல்லாம் தோல் உரிந்து, உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாயக்காள், இது ஆம்பளையா பொம்பளையா என்று சத்தமாகவே கேட்டாள். அதுதான் படகுக்குக் கேப்டனம்மா, நார்வேக்காரி, இங்ரித் என்று வர்க்கி சொன்னார்.

பின்னால் வந்தவள் கறுப்பு. ஒச்சப்பனுடைய நெற்றி, ராமுத்தாயின் தாடை. கண்ணாடியைப் பார்த்தது மாதிரி இருந்தது ராமுத்தாய்க்கு. மூக்கின் வலது பக்கத்தில் தூர்ந்துபோன துளை மச்சம் மாதிரித் தெரிந்தது.

"அக்கா?" என்றாள் டோரா.

"ஆமாத்தா. உள்ள வா."

தமிழில் அவளுக்கு மிச்சமிருந்தது இரண்டே வார்த்தை. ஒன்று அக்கா. இன்னொன்றை அவளே செய்து காட்டினாள். கால்சட்டையைச் சுருட்டிக் கணுக்காலைக் காட்டி, எதையோ பிடுங்கி எறிகிற மாதிரி செய்து, 'அட்டை' என்றாள். மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்க ராமுத்தாய் புகையிலையும் உப்பும் துணியில் முடிந்து அந்தக் காலில்தான் தேய்த்து விடுவாள். இந்த அஞ்சு வயசு ஞாபகத்தைக் கடலெல்லாம் தூக்கிச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாளே என்று நினைத்ததும் ராமுத்தாயால் அங்கே நிற்க முடியவில்லை. சோறு போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாட்டுக்கோழிக் குழம்பு, மொச்சைப் பொரியல், சோறு. நாலு மாசமாகப் படகில் சாப்பாட்டுப் பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தின்றவர்களாம். இரண்டு பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். கேப்டனம்மாவால் விரலை மடக்கிச் சோறு பிசைய முடியவில்லை. உள்ளங்கை முழுக்கக் கயிறு இழுத்துக் காய்ப்புக் காய்த்து மரப்பட்டை மாதிரி இருந்தது. டோராவின் கையும் அப்படித்தான். படித்து உத்தியோகம் பார்க்கிற கையாக இருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்த கை. தோட்டத்திலேயே கிடந்திருந்தாலும் இவ்வளவு காய்த்திருக்காது.

ராமுத்தாய் கேட்கக் கேட்க வர்க்கி மாற்றிச் சொன்னார். நாலு மணி நேரம் வேலை, நாலு மணி நேரம் தூக்கம், ராப்பகல் கிடையாது. ஒருத்தி எழுந்த படுக்கையின் சூடு ஆறுவதற்குள் அடுத்தவள் படுப்பாள். தண்ணீர் இறைக்கணும், கிழிந்த பாயை ஊசியால் தைக்கணும், பனிக்கட்டி மிதக்கிற கடலில் கயிறு இழுக்கணும். மேல்தட்டுக்கு வந்தால் இடுப்பில் கயிறு கட்டிப் படகோடு மாட்டிக்கொள்ளணும். செத்துப்போன பெண் ஒரு நிமிசம் அதைக் கழற்றியிருக்கிறாள். கேப்டனம்மா படகைத் திருப்பிப் பதினோரு மணி நேரம் தேடினாளாம். அந்தப் பெண்ணின் தாய்க்கு அவள்தான் கடுதாசி எழுதினாளாம்.

ஸ்டோரில் விறகடுப்பு வேலையும் இப்படித்தான் மாற்றி மாற்றிப் பார்ப்போம் என்று ஒச்சப்பன் சொன்னான். டோரா அவன் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவ்வளவு நேரமும் அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹில்டாம்மா சொகமா இருக்காகளா?" என்று கேட்டாள் ராமுத்தாய்.

வர்க்கி அதை மாற்றிச் சொல்லவில்லை. "அவங்க மரிச்சு ரெண்டு வருசமாச்சு ராமுத்தாயி. உங்கிட்ட நான் சொல்லல" என்றார்.

ராமுத்தாய் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். வாங்கினவள் செத்துவிட்டாள். அப்படியென்றால் இரண்டு வருசமாக இந்தப் பிள்ளைக்குச் சொந்தக்காரி யாரும் இல்லை. விற்ற பொருளை வாங்கின ஆள் இல்லையென்றால் அது எங்கே வந்து சேரும்? பெற்ற மடிக்குத்தான் வரும். அதனால்தான் படகில் சாவு விழுந்திருக்கிறது, பக்கத்தில் இருந்தவள் மேல் மாறி விழுந்திருக்கிறது. அவளுக்கு இது பட்டப்பகல் மாதிரித் தெளிவாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒச்சப்பனுக்கு இருமல் வந்தது. டோரா எழுந்து போய் சுடுதண்ணித் தம்ளரை எடுத்து, அவன் பிடரியைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். படகில் காய்ச்சல்காரிகளுக்கு அப்படிச் செய்து பழக்கமாக இருக்கும். இரண்டு மடக்குக் குடித்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"தவுட்டு, நான் ஒன் அப்பன்டி. இந்தா நிக்கிறாளே, இவதான் ஒன்னயப் பெத்தவ. அக்கா இல்ல."

டோரா வர்க்கியின் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

ராமுத்தாய் ஒரு எட்டில் வந்து அவன் விரல்களைப் பிரித்துவிட்டாள். "சளி மண்டைக்கு ஏறிப்போச்சு அவருக்கு. யாரு வந்தாலும் மகம்பாரு. மோருக்காரி வந்தாலும் மகதான், ஓட்டுக் கேக்க வந்தவளும் மகதான். அப்பிடியே சொல்லுங்க கம்பவுண்டரய்யா."

வர்க்கி அப்படியே சொன்னார். டோரா இரக்கத்தோடு ஒச்சப்பனின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். புத்தி பேதலித்த கிழவனுக்குச் செய்கிற மரியாதை. அவன் ஒரு தடவை பெண்டாட்டியைப் பார்த்தான், அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்படி ஒரு பார்வையை எதிரிகூட வாங்கக் கூடாது.

ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது. பெற்றவன் வாயால், நாலு பேர் கேட்க. ராமுத்தாய் விறுவிறுவென்று எதிர்வீட்டுக்குப் போய், எருமைக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு கொட்டாங்கச்சி அள்ளிக்கொண்டு வந்தாள். கேப்டனம்மா முன்னால் வைத்தாள்.

"கேப்டனம்மா இதுல ஒரு கை அள்ளி என் மடியில போடணும்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

வர்க்கி குறுக்கே கையை நீட்டினார். "வேண்டா ராமுத்தாயி. ஒரு கை தவிடு குடுத்து உன்ன வாங்கினேன், உன் அம்மை மடி ஏந்தி நின்னான்னு ஹில்டாம்மா சொல்லிச் சொல்லித்தான் இந்தக் குட்டியை வளத்தாங்க. நீ மடி ஏந்தினா அவளுக்கு எல்லாம் விளங்கிப் போகும்."

"வெளங்கட்டும். நான் வாயால சொல்லலைல்ல?"

கேப்டனம்மா என்ன ஏது என்று கேட்டாள். கடலில் இந்தப் பெண்ணுக்கு ஆபத்து வராமலிருக்க இங்கே ஒரு வழக்கம் உண்டு, இதைப் போட்டால் இனிமேல் அவளுக்கு நீங்கள் பொறுப்பு என்று வர்க்கி சொன்னார். அவள் சிரிக்கவில்லை. நான் ஏற்கெனவே ஒருத்தியைத் தொலைத்துவிட்டேன், இதற்காக என்றால் எத்தனை கை வேண்டுமானாலும் போடுகிறேன் என்றாள். மடங்காத அந்தக் கையால் தவிட்டை அள்ளினாள். ராமுத்தாய் முந்தானையை விரித்து மடி ஏந்தி நின்றாள். ஹில்டாவின் முன்னால் நின்ற அதே நிற்பு.

தவிடு விழுந்தது. ராமுத்தாய் டோராவின் கையைப் பிடித்துக் கேப்டனம்மாவின் கைக்குள் வைத்து, "இனி ஒங்க பிள்ள" என்றாள்.

டோராவின் விரல் தானாக மூக்குத் துளைக்குப் போனது. மடியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற முதுகைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. அவள் அழுதுகொண்டு மேலே விழுந்துவிடுவாளோ, அம்மா என்று சொல்லிவிடுவாளோ என்று ராமுத்தாய் பயந்து ஒரு அடி பின்னால் போனாள். டோரா குனிந்து, தரையில் சிந்திக் கிடந்த தவிட்டை ஒரு பொட்டு விடாமல் கூட்டி அள்ளி, அந்த மடியிலேயே போட்டாள்.

"அக்கா" என்றாள். அவ்வளவுதான். ஜீப்பு கிளம்பும்போது இந்தத் தடவை கத்தவில்லை, திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அன்றிலிருந்து ஒச்சப்பன் ராமுத்தாயோடு பேசவில்லை. கஞ்சி வைத்தால் குடிப்பான், வைக்காவிட்டால் கேட்க மாட்டான். ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே இரண்டு ஊமைகள் குடித்தனம் நடத்தின மாதிரி இருந்தது. தை போனது. அவள் யாரிடமும் கப்பலைப் பற்றி விசாரிக்கவில்லை. விசாரிப்பதும் உரிமை கொண்டாடுவதில் சேர்ந்ததுதானே. தவிட்டை மட்டும் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள்.

மாசி நடுவில் ஒரு நாள் சாயங்காலம், சுளகைத் தட்டிவிட்டு எழுந்திருக்கும் நேரம், காசிமாயன் மறுபடியும் எட்டிப் பார்த்தான். கம்பவுண்டர் வந்திருக்கிறார். ராமுத்தாயை மொக்கம்மாள்தான் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். ராமுத்தாய் வாசலில் மடியை உதறிவிட்டு வந்து நின்றாள்.

"தவுட்டம்மா சுகமாயிருக்கு. கை ஒடிஞ்சிருக்கு, வேறொண்ணுமில்ல. ஆஸ்திரேலியாவுல ஆஸ்பத்திரியில இருந்து எழுதியிருக்கு" என்றார் வர்க்கி முதலில். அவருக்கும் பக்குவம் தெரியும். அப்புறம் கடுதாசியைப் பிரித்துச் சொன்னார்.

கரை சேர ஆறு நாள் இருக்கும்போது புயல். டோரா மேல்தட்டில் கயிற்றில் மாட்டிக்கொண்டு பாயை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். படகு சாய்ந்ததில் அவள் இடுப்புக் கயிறு எதிலோ சிக்கி, தலை தண்ணீருக்குள் போய்ப் போய் வந்திருக்கிறது. கேப்டனம்மா கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, தன் இடுப்புக் கயிறு எட்டாததால் அதைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்து போய் அறுத்துவிட்டிருக்கிறாள். டோராவைப் படகுக்குள் தள்ளியதும் அடுத்த அலை கேப்டனம்மாவை வாரிக்கொண்டு போய்விட்டது. அந்த நேரத்தில் திருப்பித் தேட வழியில்லை. மற்றவர்கள் படகைக் கரை சேர்த்தார்கள். மிச்சமிருக்கிற பத்துப் பேரும் போட்டியை முடித்துவிட்டுத்தான் போவதாக இருக்கிறார்கள். கை சேர்ந்ததும் டோராவும் ஏறுவாள். இன்னும் பாதி உலகம் பாக்கி.

பிள்ளை பிழைத்துவிட்டது என்று ராமுத்தாயின் வயிறு ஒரு நிமிசம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள் அந்தக் கை ஞாபகம் வந்தது. சோறு பிசைய மடங்காத கை. எத்தனை கை வேண்டுமானாலும் போடுகிறேன் என்று சொன்ன கை. தன் வீட்டு வாசலைத் தேடி வந்ததை வழி மாற்றிக் கேப்டனம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகவே அவளுக்குப் பட்டது. விற்றது பிள்ளையை இல்லை, சாவை.

"அவுகளுக்கு ஆத்தா இருக்காகளா?" என்று கேட்டாள்.

"உண்டு. எழுபது வயசாம்."

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. வீட்டுக்குப் போய் அரிசிப் பானையிலிருந்து முடிச்சை எடுத்துக்கொண்டு கொட்டக்குடி ஆற்றுக்கு நடந்தாள். மாசித் தண்ணீர் முழங்காலுக்குத்தான் ஓடியது. முடிச்சை அவிழ்த்துத் தவிட்டைத் தண்ணீரில் விட்டாள். உட்கார்ந்து, தலையை அவிழ்த்துவிட்டு, மூன்று முழுக்குப் போட்டாள். அவர்கள் பக்கத்தில் பங்காளி வீட்டில் சாவு விழுந்தால்தான் இப்படி முழுகுவார்கள். மூன்றாவது முழுக்கில் அழுகை வந்தது. வாய்விட்டு, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளிடம் இத்தனை அழுகை இருந்தது அவளுக்கே தெரியாது.

வேலை விட்டு ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருந்த கிட்டங்கிப் பெண்கள் பார்த்துவிட்டு ஓடிவந்தார்கள். மொக்கம்மாள் தண்ணீருக்குள் இறங்கி அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"யாரு மதினி? யாரு தவறிட்டாக?"

"எம்மகளோட ஆத்தா" என்றாள் ராமுத்தாய்.

சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அழுகை அப்படியே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருசமாகக் காத்துவைத்திருந்த வாய். ஈரக் கையால் அதைப் பொத்திக்கொண்டாள்.

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மொக்கம்மாள்தான் மெதுவாகக் கேட்டாள், "ஒனக்கு மக இருக்காளா மதினி?"

இல்லை என்று சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும், கடலில் இன்னும் பாதி உலகம் பாக்கி இருக்கிறது. ராமுத்தாய் கையை எடுத்துவிட்டு வாயைத் திறந்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு வார்த்தை வராமல் போனதே, அதே மாதிரி இந்த வார்த்தையும் வரவில்லை.